கூப்பிடு தூரம்

1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், நம் தென்புறநகர்ப் பகுதிகள் விரைந்து வளர்ந்தன. ரயில்வேயிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் உழைத்தோர் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறினர். பிள்ளைகள் கற்றுத் தேர்ந்து தொலைவிடங்களுக்குச் சென்றுவிட்டனர். இன்று அவ்வீடுகள் பலவற்றில் முதியோர் ஒருவரோ இருவரோ மட்டும் மாலை விளக்கை ஏற்றுகின்றனர்.

சேலையூரில் வாழும் என் தமக்கையாரும் அத்தகையவரே. வயது 76. கணவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு ஒருநாள் பின்னிரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கைப்பேசியோ கூடத்தில் இருந்தது. எழ இயலவில்லை, குரலும் தெருவை எட்டவில்லை. குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டே கிடந்தார். விடியற்காலையில் பால் கொணர்ந்த இளைஞர் அவ்வொலியைக் கேட்டார். உள்தாழிட்ட கதவை உடைத்தே அவரை வெளிக்கொணர நேர்ந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

விழுவது ஓர் ஆபத்து. விழுந்த இடத்திலேயே நெடுநேரம் கிடப்பது மற்றோர் ஆபத்து. உடலில் நீர் வற்றும். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கின்றனர் என்றும், அவர்களுள் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

அயர்லாந்து நாட்டில் இதற்கென ஓர் அரசுத் திட்டம் உண்டு. 65 வயது நிறைந்தோர்க்குக் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அபாயப் பொத்தான் ஒன்றை அரசு தன் செலவில் வழங்குகின்றது. அழுத்தினால் கண்காணிப்பு நிலையத்தில் அழைப்பு ஒலிக்கும். அங்குள்ளோர் முதியவரிடம் பேசி, அவர் குறித்துக் கொடுத்துள்ள அண்டை வீட்டாரையோ உறவினரையோ அனுப்புவர். விண்ணப்பங்களை ஆங்காங்குள்ள தொண்டுக் குழுக்களே பெற்று உதவுகின்றன. சிங்கப்பூரிலும் முதியோர் வாழும் அரசு வாடகைக் குடியிருப்புகளில் இத்தகைய அபாயமணிகள் பொருத்தப்பட்டுள்ளன.

நம்மிடமும் சில உதவிகள் உள்ளன. 2008 முதல் 108 அவசர ஊர்தி நம் மாநிலத்தில் இலவசமாக இயங்குகின்றது. 2021-இல் நாடெங்கும் அறிமுகமான 14567 என்னும் முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை வழிகாட்டும். ஆயினும், எண் எதுவாயினும் தொலைபேசி கைக்கெட்டினால்தானே பயன்?

அறுவைச் சிகிச்சைக்குப்பின், தம்முடன் வந்துவிடுமாறு மகன்கள் தமக்கையாரை வற்புறுத்தினர். அவரோ, "தம்பி, என் வீட்டு விளக்கை நான் ஏற்றும்வரை ஏற்றிக்கொள்கிறேன்" என்றார். அதைப் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எனவே சில ஏற்பாடுகளைச் செய்தோம். உள்தாழை நீக்கி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை அமைத்தோம். மாற்றுச்சாவி எதிர்வீட்டில் இருக்கின்றது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பியில்லா அழைப்புமணி ஒன்றை வாங்கி, மணியை எதிர்வீட்டில் மாட்டினோம். அதன் பொத்தான், உத்தரியத்துடன் தமக்கையார் கழுத்தில் தொங்குகின்றது. குளிக்கும்போது, தரையில் கிடப்பவர்க்கும் எட்டும் தாழ்வான ஆணியில், நீர் படாதவாறு அதை மாட்டிவைப்பார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் ஒருமுறை அழுத்திச் சோதிக்கிறார்; எதிர்வீட்டு அம்மையார் சன்னலிலிருந்து கையசைக்கிறார்.

பொத்தான் எவ்வளவு நுட்பமானதாயினும், மறுமுனையில் எழுந்து வருபவர் ஒருவர் வேண்டும். அயர்லாந்துத் திட்டமும் அண்டை வீட்டாரையே நம்பி நிற்கின்றது. ஆகவே, நம் அரசும் இத்தகைய கருவிகளைத் தனித்து வாழும் முதியோர்க்கு வழங்க வேண்டுமென நாம் கேட்போம். அதுவரை வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் தனித்து வாழ்வோர் யார், அவர்தம் மாற்றுச்சாவி யாரிடம் உள்ளது, அவர் இரவில் அழைத்தால் யார் செல்வார் என்பதை இம்மாதக் கூட்டத்திலேயே முடிவுசெய்து கொள்ளலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை; கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருந்தால் போதும்.