ராத்தங்கல்

சனிக்கிழமை விடியற்காலையில் மான்குர்த் மேம்பாலத்தின் கீழே நிற்கும்போது சில சமயம் அந்த வண்டிகளைப் பார்ப்பேன். வாஷி பாலத்தை நோக்கிக் கேரவன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சினிமாக்காரர்களுடைய வண்டிகள் அல்ல. பின்பக்கம் சைக்கிள் கட்டியிருக்கும், கூரையோரம் சுருட்டி வைத்த துணிப்பந்தல் தெரியும், ஜன்னலில் தூக்கம் கலையாத ஒரு குழந்தையின் முகம். சொந்தமாக நடமாடும் வீடு வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஏரிக்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போய், பக்கத்தில் பக்கத்தில் வண்டிகளை நிறுத்தி இரவைக் கழிக்கிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரே ஒரு கேள்வி. வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறவருக்குப் படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் கூடவே வருகின்றன. யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவருக்கு எதற்குச் சங்கம்?

மோட்டார் கேரவன் என்றால் என்ன என்று நம் வாகன விதிகள் சொல்லியிருக்கின்றன. உட்கார இருக்கையும் மேசையும் வேண்டும். படுக்க இடம் வேண்டும், இருக்கையையே விரித்துப் படுக்கையாக்கினாலும் சரி. சமைக்க வசதி வேண்டும். சாமான் வைக்க இடம் வேண்டும். அதைப் படித்ததும் எங்கள் பக்கத்து லல்லுபாய் காம்பவுண்ட் நினைவுக்கு வந்தது. மும்பையின் போக்குவரத்துத் திட்டங்களுக்காக ரயில் பாதையோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே கொடுத்த வீடு 225 சதுர அடி. பகலில் திவான், ராத்திரி கட்டில். சுவரோடு மடிகிற மேசையில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதிலேயே காய் நறுக்குகிறார்கள். பரணில் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகள். தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளில் வளர்ந்தவர்களுக்கும் இதெல்லாம் புதிதல்ல. கேரவனில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மும்பைத் தமிழர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

சின்ன வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த வீட்டின் மிச்சம் வெளியே இருக்கிறது. வராந்தாவில் கொஞ்சம், எதிர்வீட்டுப் படியில் கொஞ்சம், குழாயடியில் கொஞ்சம். அக்கம்பக்கம் இல்லாமல் அது முழு வீடாவதில்லை. சங்கம் எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் கண்டேன்.

எழுதியவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். கப்பற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் தனக்கென்று ஒரு கூண்டு வண்டி செய்யச் சொன்னார். நீளம் 18 அடி, எடை ஏறக்குறைய 2 டன். 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். கடற்படைக்காரர் என்பதால் அதைத் தரையில் ஓடும் கப்பல் என்றே சொன்னார். இழுக்க இரண்டு குதிரைகள். ஒன்றின் பெயர் பட்டாணிப்பூ, மற்றதும் ஒரு பூவின் பெயர்தான். கூடவே ஒரு பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய், பேசுகிற ஒரு கிளி. லண்டனுக்கு மேற்கே ட்வைஃபோர்டில் கிளம்பி, ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் இன்வர்னெஸ் வரைக்கும் போனார். 1,300 மைல் என்று புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்; மறு ஆண்டு, 1886-இல், அது அச்சில் வந்தது.

அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஸ்டேபிள்ஸ் அல்ல, அவருடைய பணியாள். மூன்று சக்கர சைக்கிளில் வண்டிக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பார். குறுகலான கிராமத்துப் பாதையில் இந்த ராட்சத வண்டி புகுந்துவிட்டால் எதிரே வருகிறவருக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் முன்னாலேயே போய், பின்னால் இன்னது வருகிறது என்று எச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் இன்னொரு பாடு. குதிரைகளுக்கு லாயம் வேண்டும், 2 டன் வண்டி புதையாமல் நிற்க கெட்டியான தரை வேண்டும். விடுதிக்காரரையோ புல்வெளிக்குச் சொந்தக்காரரையோ கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் அந்த நாள் முடியும். வண்டிக்குள் எல்லாம் இருந்தது. நிற்பதற்குரிய ஆறடி நிலம் மட்டும் ஒவ்வொரு நாளும் வேறொருவருடையது.

இந்த இடத்தை வாசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 1907-இல் ஜே. ஹாரிஸ் ஸ்டோன் என்பவர் இப்படிப் பயணம் செய்கிறவர்களைக் கூட்டிக் கேரவன் கிளப்பைத் தொடங்கினார். ஸ்டேபிள்ஸை அதற்குத் துணைத் தலைவராக்கினார்கள். மூன்று வருஷத்தில் அவர் காலமாகிவிட்டார். கிளப் இன்றும் இருக்கிறது, 2017 முதல் மோட்டார் ஹோமையும் பெயரில் சேர்த்துக்கொண்டு. பிரிட்டனில் பண்ணைக்காரர் ஒருவர் தன் வயலோரத்தில் கிளப் உறுப்பினர்களின் வண்டிகளை, ஒரு சமயத்தில் ஐந்துக்கு மேற்படாமல், நிறுத்திக்கொள்ள விடலாம். அதற்கு அவர் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டாம், கிளப்பின் அங்கீகாரமே போதும். 1960-இல் வந்த சட்டம் இதற்கு வழிசெய்தது. ஸ்டேபிள்ஸின் பணியாள் சைக்கிளில் அலைந்து தேடியதை இப்போது சங்கம் தேடி வைத்திருக்கிறது. சங்கத்தின் உண்மையான சொத்து அந்த வயலோரங்கள்தான்.

மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை வகுத்தபோது, வண்டிகளோடு கூடவே அவை நிற்பதற்கான பூங்காக்களைப் பற்றியும் பேசின. கேரளத்தின் வாகமண்ணில் அப்படி ஒன்று திறந்தாயிற்று. நல்ல காரியம். இடம் கிடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதை நானும் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்துக் குடும்பங்கள் சேர்ந்து டெம்போ டிராவலர் பிடித்து பண்டார்தராவுக்குப் போன ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்கு முந்தைய ஜூன் முதல் வாரம், மின்மினிப் பருவம். பிரவரா நதிக்குக் குறுக்கே 1926-இல் கட்டி முடித்த வில்சன் அணையின் நீர்ப்பரப்பு ஒரு பக்கம். மறுபக்கம் கடுக்காய், தான்றி, நாவல், அத்தி மரங்கள், மரம் முழுக்க மின்மினிகள் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தன. எங்களுக்குப் பக்கத்தில் கேரவன்காரர்கள் சில குடும்பம். ராத்திரி எங்கள் அடுப்பில் ரசம் கொதித்த வாசனைக்கு ஒரு வண்டியிலிருந்து பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். "அண்ணா, யே ரசம் ஹை நா?" என்று கேட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மருமகள் ஒரு தட்டு நிறையத் தாலிபீட் ரொட்டி கொண்டுவந்தாள். எங்கள் பிள்ளைகள் அவர்கள் வண்டிக்குள் ஏறி, கட்டில் மேசையாவதையும் மேசை கட்டிலாவதையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு சிறுமி, "நம்ம வீட்டிலயும் இப்படித்தானே அக்கா?" என்று மூத்தவளிடம் கேட்டாள்.

மின்மினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வேறொரு நினைப்பும் வந்து உட்கார்ந்தது. ஸ்டேபிள்ஸ் தன்னைக் கனவான் ஜிப்ஸி என்று சொல்லிக்கொள்வதில் மகிழ்ந்தவர். அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், அதே அரசின் கீழ், இந்தியாவில் சில சமூகங்கள் ஊர் ஊராகப் போவது குற்றமாக இருந்தது. 1871-இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. உப்பும் தானியமும் சுமந்து கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்த குறவர்கள், எருதுப் பொதிகளோடு தக்காணமெங்கும் திரிந்த பஞ்சாராக்கள் எல்லாரும் ரயில் வந்ததும் தொழிலை இழந்தவர்கள். அவர்களில் பலரைப் போலீஸ் ஏட்டில் பதிந்து, ராத்திரி எங்கே படுக்கிறாய் என்று கணக்குக் கேட்டது அந்தச் சட்டம். 1952-இல்தான் அது ஒழிந்தது. ஒருவர் வெட்டவெளியில் இரவைக் கழித்தால் புத்தகம், இன்னொருவர் கழித்தால் கைரேகை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நம் சாலைகள் இப்படி இருந்ததில்லை. தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தன் சத்திரங்களில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டு எழுதியது. ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த அந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை அதில் விவரமாகச் சொல்கிறார். எந்த சாதிக்காரர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். குழந்தைகளுக்குப் பால். நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணி வந்தால் பிரசவம் பார்க்க ஏற்பாடு, வழியில் இறந்தவருக்குச் சடங்கு. நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிடுவார்களாம். பட்டத்தையும் படையையும் பற்றி எழுதியிருக்கக்கூடிய ஒரு மன்னர், சத்திரத்து மணியைப் பற்றி எழுதினார். நாட்டின் அதிகாரம் கையை விட்டுப் போய்விட்டிருந்த வேளையில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரபோஜி போன்ஸ்லே வம்சத்து மராட்டியர். இந்த ராத்தங்கல் மரபு அவர் மூதாதையரின் மண்ணில் இன்னும் உயிரோடு இருப்பதை எங்கள் மாடியில் குடியிருக்கும் காகாதான் எனக்குக் காட்டினார். அவர் வார்கரி. ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கோடு பண்டரிபுரம் வரைக்கும் நடக்கிறவர். நடப்பது எல்லாருக்கும் தெரியும். வெளியே அதிகம் தெரியாதது அதற்குள் இருக்கும் திண்டி என்ற அமைப்பு. திண்டி என்பது நூறு, இருநூறு பேர் சேர்ந்த ஒரு குழு. பல்லக்கு வரும் ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், பின்னால் அதற்குப் பல மடங்கு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எந்த எண் எங்கே நடக்க வேண்டும் என்ற வரிசை மாறாது. பல்லக்கு இந்த ஒழுங்குக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில், ஹைபத்பாபா ஆர்ஃபள்கர் காலத்தில்.

எனக்கு வியப்பு அந்தத் திண்டியின் லாரி. உறுப்பினர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு லாரியும் தண்ணீர் டாங்கரும் அமர்த்திக்கொள்கிறார்கள். லாரிக்குள் கூடாரம், விரிப்பு, அண்டா, காஸ் அடுப்பு, மூட்டை மூட்டையாக மாவு. காலையில் ஜனங்கள் அபங்கம் பாடிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் பின்னால் கூடாரங்கள் இறங்கும், லாரி வேறு வழியாக முந்திப் போகும். சாயங்காலம் கால் ஓய்ந்து வந்து சேர்கிறவர்களுக்கு முன்பாகவே வீடு அங்கே எழுந்து நிற்கும், கடலைமாவுப் பிட்லா கொதிக்கும். பண்டரிபுரத்தில் சந்திரபாகா கரையில் இவர்கள் இறங்குவதற்கென்றே 65 ஏக்கர் என்று எல்லாரும் அழைக்கிற ஒரு மைதானம் இருக்கிறது. நடுவில் வரும் ஊர்களில் உழவர்கள் தங்கள் தரிசு நிலத்தையும் பள்ளிக்கூடங்கள் தங்கள் முற்றத்தையும் திறந்து விடுகின்றன. உலகத்தில் எந்த மோட்டார் ஹோம் சங்கத்துக்கும் இவ்வளவு புல்வெளி கிடைக்காது.

"அண்ணா, நீயும் வாயேன். ஒரு நாள் நடந்தாலும் போதும்" என்று காகா பல வருஷமாகச் சொல்கிறார். இந்த முறை பெயர் கொடுத்துவிட்டேன். மைத்ரி பார்க்கில் புனே பஸ் ஏறி, அங்கிருந்து சாஸ்வட். பல்லக்கு திவே காட் ஏறி வந்து அங்கே தங்குகிறது. மறுபடி கிளம்பும் நாளில் அவர்களோடு ஜேஜுரி வரைக்கும் நடப்பேன். கூடாரத்தில் எனக்கு இடம் உண்டாம், தட்டும் டம்ளரும் மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். மழைக்கோட்டு எடுக்கட்டுமா, குடையா என்று கேட்டேன். இரண்டும் வேண்டாம், பிளாஸ்டிக் சாக்கு எடுத்துக்கொள், தலையில் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி கீழே விரிக்கலாம் என்றார். அவர் மனைவி காகி உள்ளேயிருந்து, "சமையலுக்கு ஆள் குறைவு, ரசப்பொடி எடுத்து வரச் சொல்லுங்கள், இருநூறு பேருக்கு ஆகிற மாதிரி" என்று குரல் கொடுத்தாள். ஊரிலிருந்து வறுத்து அரைத்து அனுப்பச் சொல்லி அக்காவுக்குப் போன் செய்திருக்கிறேன்.