ஆக்சிஜன் சென்சார் கெட்டா வண்டி நின்னு போகுமா?

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கிறது பி.காம். பெட்ரோல் போட்டா ஓடும், போடலேன்னா ஓடாது... இன்ஜின் பத்தி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். ஆனா எங்க வீட்டு வண்டி ரெண்டு மாசம் குடுத்த குடைச்சல்ல, ஆக்சிஜன் சென்சார் பத்தி உட்கார்ந்து எழுதற அளவுக்கு ஆளாயிட்டேன்.

லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆகியிருந்தது. அப்பாயியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு ஸ்ரீரங்கம் திரும்பிட்டிருந்தேன். காவிரிப் பாலத்துல வழக்கம்போல நெரிசல். முன்னாடி போன ஆட்டோ திடீர்னு நிக்க, நான் கிளட்ச், பிரேக் ரெண்டையும் மிதிச்சேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிட்டு ஆஃப். பின்னாடி டவுன் பஸ், காது கிழியற ஹார்ன். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பிரேக்கும் அப்படித்தான். இன்ஜின் நின்னுட்டா பிரேக்குக்குத் துணை செய்யற வெற்றிடம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதுக்கப்புறம் கால்ல இருக்கற பலம் மொத்தமும் போட்டு மிதிக்கணும். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுகிட்டது. அன்னிக்குத் தெரிஞ்சதெல்லாம், பின் சீட்ல அப்பாயி "ரங்கா ரங்கா"ன்னு முணுமுணுத்தது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னா அப்பா ஒரே வரியில முடிச்சிட்டார். "கிளட்ச்சைப் படக்குன்னு விட்டிருப்பே."

"இல்லப்பா, கிளட்ச் மிதிச்சுட்டுதான் இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான்டா சொல்வாங்க."

டிவி மேல இருக்கற கார் சாவி அன்னிக்கு ராத்திரியே பீரோவுக்குள்ள போயிடுச்சு. இங்க ஒரு விஷயம் கவனிங்க. கிளட்ச் முழுசா மிதிச்சிருந்தா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. அப்போ வண்டி நின்னா ஓட்டறவன் மேல தப்பு இல்லை, ஐட்லிங்ல ஓட முடியாம இன்ஜின் தானா செத்திருக்கு. இதை அப்பாகிட்ட எப்படி நிரூபிக்கறது?

ரெண்டு வாரம் கழிச்சு வண்டியே நிரூபிச்சது. மாம்பழச் சாலை சிக்னல்ல, அப்பா ஓட்டும்போது. வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்க்காம அம்மாகிட்ட, "பெட்ரோல் சரியில்ல போல"ன்னார். நானும் ஒண்ணும் கேட்கலை. :-)

அடுத்து ஒர்க்‌ஷாப். ஸ்கேனரைச் சொருகினாங்க. பி0171 என்று ஒரு கோடு வந்தது. கலவையில பெட்ரோல் குறைவு, காத்து அதிகம்னு அர்த்தமாம். "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள். 4,200 ரூபாய். புது சென்சார் போட்டு, மெமரியை அழிச்சுக் குடுத்தாங்க. அஞ்சு நாள் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. ஆறாவது நாள் மறுபடியும் பழைய குலுக்கல்.

அப்பதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இந்த சென்சார் கெட்டா நிஜமாவே வண்டி நிக்குமா?

அது என்ன பண்ணுதுன்னு முதல்ல பார்ப்போம். புகைக் குழாய்க்குள்ள தலையை நீட்டிட்டு உட்கார்ந்திருக்கற ஒரு சின்னத் துண்டு அது. ஒரு பங்கு பெட்ரோல் முழுசா எரிய எடைக் கணக்குல 14.7 பங்கு காத்து வேணும். எரிஞ்சு வெளிய வர்ற புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்கா இல்லையான்னு சென்சார் பார்க்கும். மிச்சம் இருந்தா 0.1 வோல்ட் பக்கம் காட்டும், இல்லேன்னா 0.9 பக்கம். இதைப் பார்த்து வண்டியோட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஒரு நொடியில ரெண்டு மூணு தரம் கூட இது நடக்கும். பாஷ் கம்பெனி தயாரிச்ச இந்த சென்சாரை 1976-ல வோல்வோ முதன்முதலா காரில் வெச்சது. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்கா வேலை செய்ய இந்தக் கணக்கு துல்லியமா இருந்தாகணும் என்பதுதான் காரணம்.

இப்போ கேள்விக்குப் பதில்.

சென்சார் சுத்தமா செத்துப் போச்சுன்னா, பெரும்பாலும் வண்டி நிக்காது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிச்சு, விளக்கை எரியவிட்டு, சென்சாரை ஒதுக்கிட்டு, தன்கிட்ட இருக்கற அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோல் விடும். காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதும் இப்படித்தான் ஓடுது. ஏன்னா சென்சார் 300 டிகிரிக்கு மேல சூடானாதான் வேலையே செய்யும். மைலேஜ் குறையும், கன்வர்ட்டர் நாளடைவில் கெடும், அவ்வளவுதான். சில வண்டிகள்ல சென்சாரை சூடாக்கற ஹீட்டர் ஒயர் ஷார்ட் ஆகி, வேற முக்கியமான பாகத்துக்கும் பொதுவா இருக்கற ஃபியூஸ் போயிட்டா வண்டி நிக்கலாம். அது தனிக் கதை.

சென்சார் உயிரோட இருந்துகிட்டுத் தப்பா சொன்னாதான் ஆபத்து. பெட்ரோல் போதும் போதும்னு பொய் சொன்னா, கம்ப்யூட்டர் குறைச்சுக்கிட்டே போகும். பத்தலை பத்தலைன்னா ஊத்திக்கிட்டே போகும். வேகமா போகும்போது சமாளிச்சிடும். ஐட்லிங்ல முடியாது. குலுங்கி நிக்கும்.

எங்க வண்டிக்கு நடந்தது ரெண்டாவது. ஆனா பொய் சொன்னது சென்சார் இல்லை!

மெக்கானிக்கல் படிக்கிற என் ஃப்ரெண்டு ப்ளூடூத் ஸ்கேனர் கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 25 சதவீதம் அதிகமா பெட்ரோல் ஊத்திட்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா கரி. அதாவது சென்சார் "பெட்ரோல் பத்தலை"ங்குது, பிளக் "மூழ்கிட்டேன்"ங்குது. அவன் சென்சார் ஒயரைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னான். நம்ப மாட்டீங்க, குலுக்கல் போயிடுச்சு. 4,200 ரூபாய் சென்சார் இல்லாம வண்டி நல்லா ஓடுது! (விளக்கு எரியும். சோதனைக்கு மட்டும் செய்யுங்க, அப்படியே ஓட்டிட்டிருக்காதீங்க.)

அடுத்த நாள் காலையில, வண்டி ஆறிக் கிடக்கும்போது, எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டோம். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் குடுத்தார். டிக் டிக் டிக். "தம்பி, கேஸ்கட்ல லீக்குடா" என்றார். இன்ஜினுக்கும் சென்சாருக்கும் நடுவுல, புகைக் குழாய் சேர்ற இடத்துல கறுப்பா கரி படிஞ்சிருந்தது. புகை விட்டு விட்டுத்தான் வெளிய வரும். நடுவுல அழுத்தம் குறையற நேரத்துல அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகும். சென்சார் அந்தக் காத்துல இருக்கற ஆக்சிஜனைப் பார்த்துட்டு, ஆக்சிஜன் இருக்குன்னு உண்மையைத்தான் சொல்லிச்சு. ஐட்லிங்ல புகை கொஞ்சம்தான், அதனால அந்தக் காத்து பெரிசா தெரியும். கரி பிடிச்ச பிளக் சரியா எரிக்காம விட்டா, எரியாத ஆக்சிஜனும் அப்படியே வெளிய வரும். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். அதனால இன்னும் ஊத்து என்கும்!

அஞ்சு நாள் நல்லா ஓடினது சென்சாரால இல்லை, மெமரியை அழிச்சதால. கம்ப்யூட்டர் தப்புக் கணக்கை மறுபடி கத்துக்க அஞ்சு நாள் ஆச்சு. கேஸ்கட் மாத்தி, பிளக் சுத்தம் பண்ணி, கூலியோட 650 ரூபாய். பழைய சென்சாரைத் திருப்பி மாட்டிப் பார்த்தோம். ஜோரா வேலை செய்யுது.

நம்ம கிளாஸ் மக்களுக்கு இது புதுசு இல்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆயிடுச்சுன்னா கணக்கு சரின்னு அர்த்தம் இல்லைன்னு முதல் வருஷமே படிச்சோம். வவுச்சரே தப்புன்னா லெட்ஜர் என்ன பண்ணும்? எங்க வண்டி கம்ப்யூட்டர் கணக்கை ஒழுங்காத்தான் எழுதிச்சு. கோடு சொன்னதும் "கணக்கு இடிக்குது" என்பதை மட்டும்தான். யாரு காரணம்னு அது சொல்லவே இல்லை. சொன்னவனையே குற்றவாளின்னு தூக்கினது நாமதான். அதனால சென்சார் மாத்தணும்னு யாராவது சொன்னா, முதல்ல புகைக் குழாய் லீக், காத்துக் குழாய் வெடிப்பு, பிளக் எல்லாம் பார்த்தாச்சான்னு கேளுங்க. வண்டி நிக்கறதுக்கு த்ராட்டில் பாடி அழுக்கு, பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார்னு வேற ஆளுங்களும் வரிசையில இருக்காங்க.

அப்பா என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கலை. எந்த அப்பா கேட்டிருக்கார்? போன புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு அப்பாயிக்குக் கண் ரிவியூ. நீயே கூட்டிட்டுப் போயிடு" என்றார்.

சாவி டிவி மேலதான் இருந்தது.