அழுதுகொண்டும் துடைக்கலாம்

புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு வசனம் மனப்பாடம்: "நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்?" பலெர்மோ, பாரிஸ், ரொறன்ரோ என்று எந்த ஊருக்குப் போனாலும் இதே வசனம்தான். இப்போது நாங்களும் பெற்றோர் ஆகிவிட்டோம். எங்கட பிள்ளைகளைப் பார்த்து அதைச் சொல்ல எங்களால் முடியாது, ஏனென்றால் அப்பா அம்மா பட்ட பாடு எதையும் நாங்கள் படவில்லை. ஆனாலும் சோதனை எங்களையும் விட்டுவைப்பதில்லை. வேலை போகிறது, வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வருகிறது, பிள்ளை வகுப்பில் பின்தங்குகிறது. அந்த நேரத்தில் நின்றுவிடாமல் நடப்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

பலெர்மோவைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இத்தாலியில் எங்கட ஆட்கள் அதிகம் வாழும் நகரங்களில் இதுவும் ஒன்று. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் முதியவர்களைப் பராமரிக்கவும்தான் போனார்கள். என் அப்பா 1988இல் வந்தார். 1989 முடிவதற்குள் இத்தாலிக்குள் வந்திருந்தவர்களுக்கு விசா வழங்க வழி செய்த 1990ஆம் ஆண்டு மார்த்தெல்லி சட்டம் அவருக்கும் கைகொடுத்தது. ஒரு வீட்டில் தங்கி வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் லீவு. 1994இல் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். எனக்கு ஐந்து வயது. நெடுநாள் வரைக்கும் என் மனதில் அப்பா என்றால் வியாழக்கிழமை வருபவர்.

அடுத்த வருடம், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதற்குள் என் அம்மம்மாவும் இருந்தா. ரெலிபோன் இல்லை, கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாவா என்று தெரியாமல் ஐந்து கிழமை. கடைசியில் கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் மூலம்தான், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா என்று தகவல் வந்தது.

அந்த ஐந்து கிழமையும் அம்மா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. போன வருடம் அதைப்பற்றிக் கேட்டேன். "எப்படியம்மா போனீங்கள்?" அம்மா அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. "வேற என்ன செய்யிறது தம்பி? வீட்டில இருந்தாலும் அழுகைதான். அழுதுகொண்டும் படி துடைக்கலாம். அந்த மனுசி கண்டிட்டு ஒண்டும் கேக்கேல்லை, ஒரு கோப்பி போட்டுத் தந்தா."

இதைக் கேட்டபிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மனத்திடம் என்றால் கலங்காமல் நிற்பது என்றுதான் நாங்கள் நினைத்து வளர்ந்தோம். அம்மா கலங்கினா, ஆனால் வேலையை விடவில்லை. அவ தனியாக நின்றதும் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டு அன்ரி. காசு முட்டுப்பட்டபோது கைகொடுத்தது எங்கட ஆட்கள் கட்டிய சீட்டு. ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையல் நடக்கும். "நாங்கள் பட்ட கஷ்டம்" என்று சொல்லும்போது இந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது. பிள்ளைக்குக் கஷ்டத்தின் பாரம் மட்டும் போய்ச் சேருகிறது. அதைத் தாங்கிய கைகளை அது காண்பதில்லை.

இந்த நகரத்துக்கும் இதுபோல ஒரு கதை இருக்கிறது. 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியது. அந்த யூலையில் மொந்தே பெல்லெகிரீனோ மலைக் குகையில் சாந்தா ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருடம் அவற்றை நகரத்தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டு போனபிறகு நோய் விட்டது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. இன்றைக்கும் செப்ரெம்பர் 3ஆம் திகதி இரவு சனம் அந்த மலைக்கு நடந்து ஏறும். மடு மாதாவிடம் சைவர்களும் போவதுபோல, எங்கட சைவ, கத்தோலிக்கக் குடும்பங்கள் இரண்டும் இங்கே ரொசாலியாவிடம் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் தமிழ் கேட்கும்.

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் 1992ஐப் பற்றியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மே 23இல் நீதிபதி ஃபல்கோனேயும் யூலை 19இல் நீதிபதி பொர்செல்லீனோவும் மாஃபியாவின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அதன்பிறகு பலெர்மோச் சனம் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளாமல், பல்கனிகளில் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளைத் தொங்கவிட்டு எதிர்ப்பைக் காட்டியது. விரிப்பைத் தொங்கவிடுவது சின்ன வேலை. பல வீடுகள் அந்தச் சின்ன வேலையைச் செய்தன. எங்கட பிள்ளைகளுக்கு நாவற்குழியும் சொந்தம், இந்தப் பல்கனிகளும் சொந்தம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2023 பெப்ரவரியில் நான் வேலை செய்த கம்பனி எங்கட குழுவையே மூடிவிட்டது. வீட்டுக்கடன் இருந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. மனைவியும் நானும் அன்றைக்கே கதைத்து ஒரு முடிவு எடுத்தோம்: பிள்ளைக்கு மறைப்பதில்லை. "அப்பாவுக்கு வேலை இல்லை, தேடப்போறன், கொஞ்சநாள் செலவைக் குறைக்கவேணும்" என்று சொன்னோம். அவள் கேட்டாள்: "நீங்கள் அழுதனீங்களோ?" "ஓம், கொஞ்சம். இப்ப கணினியைத் திறக்கப்போறன்" என்றேன்.

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு உடுப்பு மாற்றி மேசையில் இருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு விண்ணப்பம், ஒரு மணித்தியாலம் புதிதாக ஏதாவது படிப்பு, அதற்குமேல் இல்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்: பெரிய பிழை ஒன்று வந்தால் முழுதையும் ஒரே நாளில் திருத்தப் போகமாட்டோம், ஓடக்கூடிய ஒரு சின்னப் பகுதியை முதலில் பிடிப்போம். விண்ணப்பங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். "இல்லை" என்று பதில் வந்தால் மகள் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுவாள். ஏழு மாதத்தில் 61 கோடு. அதன்பிறகு மிலானில் உள்ள ஒரு கம்பனி, வீட்டிலிருந்தே செய்யும் வேலை தந்தது. சம்பளம் முந்தியதைவிடக் குறைவு. கடனைக் கட்டப் போதும்.

இப்போது வீட்டுக்கணக்கு வராதபோது மகள் கொப்பியை மூடிவிட்டு, "இது ஒரு கோடு" என்று சொல்லிப்போட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எங்கட பெற்றோருக்கு நிற்கத் தெரியாது. அம்மாவுக்கு இப்போது 64 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மலைக்கு நடந்து ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முதல் வருடம் கோபத்தில் போகவே இல்லை. இரண்டாம் வருடம் பேத்தி, "அப்பம்மா, பஸ் அங்கதானே போகுது" என்றாள். இப்போது இரண்டுபேரும் பஸ்ஸில் போகிறார்கள். வேகத்தைக் குறைப்பதும், போகும் வழியை மாற்றுவதும் தோல்வி இல்லை என்பதைப் பிள்ளைகள் காணவேண்டும். இல்லாவிட்டால் "விடாதே" என்று நாங்கள் சொல்வது அவர்கள் காதில் "களைக்காதே" என்றுதான் விழும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவிடம் கேளுங்கள். "எவ்வளவு கஷ்டப்பட்டீங்கள்" என்று கேட்டால் பெருமூச்சுத்தான் பதிலாக வரும். "அடுத்த நாள் காலமை என்ன செய்தனீங்கள்? ஆர் உதவி செய்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள். எங்கட அப்பா அம்மாவுக்கு வயது போகிறது, இந்தப் பதில்கள் அவர்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.