ஹைப்பரா, ஹைப்போவா?

நான் படித்த காலத்தில் இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகையில் ஜோடி ஜோடியாக வார்த்தைகள் எழுதிப் போடுவார். ‘டைரி’யில் இரண்டு எழுத்து இடம் மாறினால் நாட்குறிப்பு பால்பண்ணையாகிவிடும். ‘டெசர்ட்’டில் ஓர் ‘எஸ்’ கூடினால் பாலைவனம் இனிப்புப் பண்டமாகிவிடும். “இதைத் தெரிஞ்சுக்கிட்டு அடுப்படியில என்னடி செய்யப் போறோம்?” என்று தோழிகளோடு சேர்ந்து சிரித்தவள்தான் நான். அந்தச் சிரிப்புக்குப் போன வருஷம் நன்றாகவே அனுபவித்தேன்.

பழனிக்குப் பக்கத்தில், கொய்யாப்பழத்துக்குப் பேர்போன ஆயக்குடியில் எங்கள் வீடு. என் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். மாத்திரையை மாற்றி, ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில். கடைசி வரியில் ‘ஹைப்போகிளைசீமியா வராமல் கவனிக்கவும்’ என்று இருந்தது. நான் முதல் மூன்று எழுத்தைப் பார்த்தேன். மீதியை மனசே நிரப்பிக்கொண்டது. ‘ஹைப்பர்’ என்றே படித்துவிட்டேன். சர்க்கரை ஏறிவிடப் போகிறது என்று சீனி டப்பாவைப் பரண்மேல் ஏற்றினேன். நாலு இட்லி இரண்டாயிற்று. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். அத்தைக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது.

“ஏம்மா, கண்ணைக் கட்டிக்கிட்டு வருது. சீனி போட்டுக் கொஞ்சம் காப்பி குடு.”

“வேணாம் அத்தை! உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கு. சீட்டுலயே போட்டிருக்காங்க.”

இப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது! அத்தை அப்புறம் கேட்கவில்லை. பேச்சுக் குழறி, சுவரில் சாய்ந்துவிட்டார்கள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். 52! “சீனி எங்கேம்மா?” என்று அதட்டினார். பரணிலிருந்து இறக்கினேன். அத்தைக்கு விழுங்கத் தெம்பிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பதினைந்து நிமிஷம் கழித்து 84. அத்தை கண்ணைத் திறந்து, “சாப்பிட ஏதாச்சும் இருக்கா?” என்றார்கள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

அப்புறம்தான் நர்ஸம்மா அந்தச் சீட்டைப் படித்தார். “ரெண்டும் கிரேக்க மொழியிலேர்ந்து வந்த வார்த்தைம்மா. ‘ஹைப்பர்’னா மேலே, ‘ஹைப்போ’ன்னா கீழே. ‘லோ’ங்கிறதுல ‘ஓ’ இருக்குல்ல? ‘ஹைப்போ’விலும் ‘ஓ’ இருக்கு. ‘ஓ’ வந்தா ‘லோ’. மறக்கவே மறக்காது” என்றார்.

இந்த ஒரு சூத்திரம் எத்தனை இடத்தில் உதவுகிறது தெரியுமா? ‘ஹைப்பர்டென்ஷன்’ அதிக ரத்த அழுத்தம். ‘ஹைப்போடென்ஷன்’ குறைந்த ரத்த அழுத்தம். தைராய்டு சுரப்பு அதிகமானால் ‘ஹைப்பர்’, குறைந்தால் ‘ஹைப்போ’. ஒன்றுக்குரிய மாத்திரை மற்றதற்கு ஆகாது. இன்னும் இரண்டு ஜோடி உண்டு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. குழந்தையின் இருமல் மருந்தில் இது மாறினால் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். கண்ணுக்கும் காதுக்கும் இங்கிலீஷில் மூன்றே எழுத்து. இரண்டும் ‘இ’யில்தான் ஆரம்பம். காதுக்கு விடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுவிடக் கூடாதே!

படிக்காததால் வரும் தவறு என்றும் நினைக்காதீர்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட் வரை ஒரு வழக்குப் போனது. ‘ஃபால்சிகோ’, ‘ஃபால்சிடாப்’ என்று மலேரியாவுக்கு இரண்டு மருந்துகள். மருந்துப் பெயர் குழம்பினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும்கூடத் தவறக்கூடும், ஆகையால் மற்ற சாமான்களைவிட மருந்துக்குக் கண்டிப்பு அதிகம் வேண்டும் என்றது கோர்ட். மருந்துகளின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் டாக்டர்களுக்கு விதியே வந்தது.

சகோதரிகளே, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, நடுங்கி, பசித்தால் தாழ்சர்க்கரை என்று சந்தேகப்படுங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே சீனித்தண்ணீர். பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பரிசோதனை. ஏறாவிட்டால் இன்னொரு தடவை. மெஷின் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், சீனி கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் சீட்டை வாங்கியதும், “இதைத் தமிழில் ஒரு தரம் சொல்லுங்க சார்” என்று கேட்டு, அங்கேயே பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். கேட்க வெட்கமில்லை. சீனி டப்பா கைக்கெட்டும் அலமாரியில் இருக்கிறது. அத்தைதான் என்னை விடுவதில்லை. காலையில் விரலை நீட்டும்போதே, “ஏம்மா, இன்னிக்கு ஹைப்பரா, ஹைப்போவா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.