தேதியை மட்டும் மாற்றினேன்

2023 ஜனவரி முதல் வாரம். இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து, என் தளத்தில் இருந்த அரசுத் திட்டப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தலைப்பில் 2022 என்று இருந்ததை 2023 ஆக்கினேன். வெளியான தேதியை அன்றைய தேதிக்கு மாற்றினேன். முதல் பத்தியில் ‘புதிய தகவல்களுடன்’ என்று சேர்த்துச் சேமித்தேன். அடுத்த பக்கம். விடிவதற்குள் அறுபது பக்கங்களுக்கு மேல் முடித்துவிட்டேன். உள்ளே ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

அந்த அறுபதில் ஒன்று, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பற்றியது. பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய், பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். என் தளத்துக்கு அதிகம் பேரைக் கூட்டிவந்த பக்கம் அதுதான். ஆனால் 2022 மார்ச் பட்ஜெட்டிலேயே அந்தத் திட்டத்தைப் பெண்களின் உயர்கல்விக்கான உதவித் திட்டமாக அரசு மாற்றிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் அது தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். இது எனக்குத் தெரியாமல் இல்லை. புதுமைப் பெண் பற்றித் தனியாக ஒரு பக்கமே எழுதியிருந்தேன். பழையதைத் தொட்டால் வரும் கூட்டம் போய்விடுமே என்று அப்படியே விட்டிருந்தேன்.

தேதி மாற்றிய சில நாட்களில் அது தேடலில் எட்டாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு வந்தது. தேதியால்தான் வந்தது என்று அன்று உறுதியாக நம்பினேன். சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரியில் ஒரு போன். சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். மகள் பி.காம் முடித்திருக்கிறாள், வைகாசியில் கல்யாணம். வருமானச் சான்று, மகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைந்திருக்கிறார். திட்டமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “ஜனவரி 2023ன்னு போட்டிருக்கே தம்பி, அதப் பாத்துத்தானே போனேன். எட்டு கிராம் வந்துரும்னு மாப்பிள்ள வீட்டுலயும் சொல்லிட்டேன்” என்றார். திட்டவில்லை. வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார். “மன்னிச்சிருங்கண்ணே, தப்பு என் மேலதான்” என்றேன். அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை. எதிர்முனையில் யாரோ ஒரு பெண் “என்ன சொல்றாக?” என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

புதிய பக்கத்தைத்தான் கூகுள் மேலே வைக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. 2007இலேயே கூகுளின் அமித் சிங்கால் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு இதை விளக்கியிருக்கிறார். ஒரு விஷயத்தைத் திடீரென்று ஊரே தேடுகிறது, செய்தித் தளங்களும் அதைப் பற்றி எழுதித் தள்ளுகின்றன என்றால், அந்தத் தேடலுக்குப் புதிய பக்கங்கள் வேண்டும் என்று கணினி முடிவு செய்துகொள்ளும். 2011 நவம்பரில் இதே நோக்கில் கூகுள் கொண்டுவந்த மாற்றம் சுமார் 35 சதவீதத் தேடல்களைத் தொட்டது. இப்போது நடந்துகொண்டிருப்பவை, தேர்தல் போல் திரும்பத் திரும்ப வருபவை, அடிக்கடி புது மாடல் வரும் கார், கேமரா போன்றவை என்று வகை பிரித்தே சொன்னார்கள். புதுசு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தேடுகிறவரின் கேள்விதான் தீர்மானிக்கிறது. இன்றைய தங்கம் விலைக்கு நேற்றைய பக்கம் உதவாது. என் தளத்திலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது எப்படி என்று ஒரு பக்கம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் என்று அன்று எழுதியது இன்றும் சரியாகவே இருக்கிறது. நான்கு வருடமாக அதில் கைவைக்கவில்லை, இடமும் இறங்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே பெரிதாக எதுவும் மாறாமல் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்று தளம் நடத்துகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப்பில் நாம் கொடுக்கும் ‘கடைசியாக மாற்றிய தேதி’யையும், அது தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கூகுள் கண்டுபிடிக்குமா என்பது எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. சாத்தூர்க்காரர் அந்தத் தேதியை நம்பினார்.

அவர் பேசிய மறுநாளே திருமண உதவிப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். ‘இந்தத் திட்டம் 2022இல் மாற்றப்பட்டுவிட்டது, இதற்கு விண்ணப்பிக்க முடியாது’ என்று முதல் வரியில் போட்டேன். அதன் கீழே, இன்னும் நடப்பில் உள்ள மற்றத் திருமண உதவித் திட்டங்களை எழுதினேன்: ஏழை விதவையரின் மகள்களுக்கு, பெற்றோர் இல்லாத பெண்களுக்கு, கலப்புத் திருமணத்துக்கு, விதவை மறுமணத்துக்கு. சாத்தூர்க்காரரின் மகளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. மற்றப் பக்கங்களையும் வரி வரியாகப் படித்துத் திருத்த மூன்று மாதம் ஆனது. பதினொரு பக்கங்களை எடுத்தே விட்டேன். புதுமைப் பெண் பக்கத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்ததே, அதனால்.

இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் எழுதிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி இரண்டும் இருக்கின்றன. என்ன திருத்தினேன் என்று பக்கத்திலேயே ஒரு வரி. திருமண உதவிப் பக்கம் ஆறாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. இருக்கட்டும்.

தளம் நடத்தும் நண்பர்களே, உங்களிடமும் இப்படி ஒரு பக்கம் இருந்தால், இன்று இரவே திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.