கீழே யார் பெயர்?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என் பெரியப்பாவைக் 'காலண்டர்காரர்' என்றுதான் சொல்வார்கள். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும். அதைப் பையில் போட்டுக்கொண்டு கார்த்திகை வரை கடை கடையாக ஏறி இறங்குவார். ஆர்டர் பிடித்து, கடைப்பெயரைப் பிழையில்லாமல் எழுதி வாங்கி, மார்கழியில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார். நாற்பது வருடம் இதுதான் தொழில்.

பள்ளி விடுமுறைகளில் கூடப் போயிருக்கிறேன். பாதி நேரம் அவர் செய்தது படம் தேர்ந்தெடுக்கிற வேலை. கடைக்காரரின் விரல் எந்தப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று ஆல்பத்தைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரியும். நகைக்கடைக்கு லட்சுமி. பால்கோவா கடைக்கு வெண்ணெய்க் கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோரும் ஆண்டாளைத்தான் கேட்பார்கள். ஆனால் அடுத்தடுத்த கடை இரண்டுக்கும் ஒரே ஆண்டாள் போகக்கூடாது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரர் ஒருவர் நரசிம்மர் வேண்டும் என்று நின்றபோது, பேசிப் பேசியே அவரை முருகனுக்கு மாற்றினார். வெளியே வந்ததும் சொன்னார்: "வாங்குறது ஆம்பளை, வீட்டுல மாட்டுறது பொம்பளை. உக்கிரமான சாமிய மாட்ட மாட்டாங்க. மாட்டலைன்னா அண்ணாச்சிக்குக் காசு போச்சுல்ல?"

365 நாளும் ஒரே சுவரில் தாங்கவேண்டிய படம். இப்படியொரு அளவுகோலை எந்தக் கலை விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

சென்ற வருடம் பெங்களூரிலிருந்து ஒரு க்யூரேட்டர் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். பழைய சிவகாசி காலண்டர்களை வைத்து ஒரு கண்காட்சி. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளவற்றை இரவலாகக் கேட்டார். அழைத்துவந்தவன் நான். நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் இப்போது பாட்டுப் பட்டியல், பிரியாணிக் கடைப் பட்டியல் எல்லாவற்றையும் 'க்யூரேட்' செய்கிறார்கள், அதனால் அந்தச் சொல்மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நம் அரசு அருங்காட்சியகங்களில் இதே பதவிக்குக் 'காப்பாட்சியர்' என்று பெயர். அதில் பூட்டும் சாவிக்கொத்தும் தெரிகிறது. லத்தீன் மூலத்துக்கும் பேணுதல் என்றே பொருள். பேணுகிற வேலையோடு ஸ்பான்சர் பிடிக்கிற வேலையும் எப்போது சேர்ந்தது?

1969-ல் பெர்ன் நகரில் ஹரால்ட் ஸீமான் நடத்திய கண்காட்சியை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். முடிந்த படைப்பைக் காட்டிலும் கலைஞரின் மனப்போக்கை முன்னிறுத்திய கண்காட்சி அது. பணம் கொடுத்தது பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி. கண்காட்சி நூலில் கம்பெனித் தலைவரின் குறிப்பும் உண்டு. எதிர்ப்புகள் கிளம்பின, ஸீமான் வேலையை விட்டார், தனியாக இயங்கும் க்யூரேட்டர் என்ற வகைக்கே முன்னோடி ஆனார். 2013-ல் அதே கண்காட்சியை வெனிஸில் மறுபடி அமைத்தது பிராடா அறக்கட்டளை. புகையிலை போய் ஃபேஷன் வந்தது, அவ்வளவுதான்.

சிவகாசியில் இந்தக் கூட்டு இன்னும் பழசு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்கு வருடம் முழுக்க வேலை வேண்டும். அப்படித்தான் காலண்டர் வந்தது. அதற்குப் படம் கோவில்பட்டியிலிருந்து வந்தது. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தபடி கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். அவரும் டி. எஸ். சுப்பையா போன்ற சீடர்களும் வரைந்த முகங்கள்தான் தென்மாவட்டப் பூஜையறைகளில் சாமியின் முகம்.

"இதெல்லாம் யார் வரைஞ்சதுன்னு கடைக்காரங்க கேப்பாங்களா?" என்றார் க்யூரேட்டர்.

"யாரும் கேட்டதில்லம்மா. நானும் கேட்டதில்ல. மூலையில கையெழுத்து இருக்கும் பாருங்க."

நாற்பது வருடம் கையில் சுமந்தவர் கேட்காத கேள்வியை அந்தப் பெண் கேட்டார். கோவில்பட்டிக்குப் போய் விசாரித்து, கையெழுத்துகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர் பெயர் எழுதினார். இந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். இரவல் படிவத்தில் காப்பீட்டு மதிப்பு எழுதியபோதுதான் பெரியப்பா ஆடிப்போனார். "இதை அன்னைக்கு ஓசியிலல்ல குடுத்தோம்!"

சிக்கல் ஒரு பீடிக் கம்பெனி காலண்டரில் வந்தது. பெட்டியிலேயே அழகான படம் அது, கொண்டையராஜு கையெழுத்தோடு. முருகனின் காலடியில் பீடிக் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். புகையிலைப் பெயர் சுவரில் வரக்கூடாது என்றது கண்காட்சிக்குப் பணம் தரும் நிறுவனம். சட்டத்துக்குள் அட்டை வைத்துக் கீழ்ப்பகுதியை மறைத்துவிடலாம் என்றார் க்யூரேட்டர்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. காலண்டரில் கடைப்பெயர் பெரிதாக, ஓவியர் பெயர் மூலையில் பொடியாக இருக்கும். கண்காட்சிச் சுவரில் ஓவியர் பெயர் பெரிதாக, பணம் கொடுத்தவர் பெயர் கீழே பொடியாக. எழுத்தின் அளவை இப்படி மாற்றிப்போடுவது நியாயம்தான். ஆனால் ஒரு ஸ்பான்சருக்காக இன்னொரு ஸ்பான்சரை அழிப்பது என்ன கணக்கு? அந்தப் பீடிக் கம்பெனி இல்லையென்றால் இந்த முருகன் எங்கள் ஊர் ஓட்டுவீடுகளுக்கு வந்திருக்கவே மாட்டார்.

"அப்ப படத்தையே எடுத்துடட்டுமா? நஷ்டம் கொண்டையராஜுவுக்குத்தான்," என்றார் அவர். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மறைத்தாலும் பரவாயில்லை, பக்கத்துக் குறிப்பில் 'ஒரு பீடிக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது' என்று ஒரு வரி வேண்டும் என்றேன். எழுதினார். அந்த வரி இப்போது ஸ்பான்சரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

பெரியப்பாவின் நிபந்தனை வேறு. "மூடிக்கிடட்டும். வெட்டிரக் கூடாது. சட்டத்தைக் கழட்டுனா கடைப்பேரு அப்படியே இருக்கணும்."

அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, இதை நம்ம காந்தி கலை மன்றத்துல வைக்கக் கூடாதா?" முதலமைச்சராக இருந்த குமாரசுவாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவான மன்றம் அது. வைக்கலாம், ஆனால் செலவுக்கு யார் பணம் தருவார்கள் என்றேன்.

"நம்ம கடைக்காரங்கதான். கீழே பேரு போடுறோம்னு சொல்லு, குடுப்பாங்க."