முன்கால் பதியும் இடம்

தை கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் திண்ணையில் குப்புறப் படுத்திருந்தான். பதினாறு வயது. வலக்கை வேகப்பந்து வீச்சாளன். மாவட்ட அணித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. என்னடா என்றதற்கு, "ஒண்ணுமில்ல மாமா, இடுப்புப் பிடிப்பு" என்றான். எங்கே என்று கேட்டேன். இடப்பக்கம், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினான். உள்ளங்கையால் தடவிக் காட்டியிருந்தால் இத்தனை கலக்கம் வந்திருக்காது. விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடங்களுக்கு முன் இதே திண்ணையில் அதே இடத்தை நான் தொட்டுக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது. கடலை பிடுங்கிய செம்மண் காடுதான் எங்களுக்கு ஆடுகளம். வெறுங்காலோடு ஓடிவந்து வீசுவோம். முன்கால் விழும் இடத்தில் மாலைக்குள் ஒரு குழி விழுந்திருக்கும்; மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு வீடு திரும்புவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை, தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான். கால் கபில்தேவைப் போல, தோள் ஸ்ரீநாத்தைப் போல என்று இரண்டு பேரை ஒரே உடம்பில் ஒட்டவைத்திருந்தேன். அந்த ஒட்டுவேலையில்தான் விபரீதம் இருந்தது என்பது பின்னால் படித்துத் தெரிந்தது.

பத்தொன்பது வயதில் நகரத்து அணியொன்றில் சேர்ந்தேன். டென்னிஸ் பந்தில் நாளுக்கு ஐந்தாறு ஓவர் வீசிக்கொண்டிருந்தவன், ஒரே மாதத்தில் சிமெண்ட் தளத்தின்மேல் விரித்த பாயில், தோல்பந்தில் இருபது ஓவர் வீசலானேன். மூன்றாவது வாரம் வலி வந்தது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தோம்; ஒன்றுமில்லை என்றார்கள். வலி பொறுக்காதவன் எதற்கு வேகப்பந்து வீச வந்தான் என்றார் பயிற்சியாளர். எனக்கும் அது வீர வசனமாகவே பட்டது. இன்னும் நான்கு ஆட்டங்கள் வீசினேன். நான்காவதில் முன்கால் தரையில் பட்டதும் முதுகுக்குள் ஏதோ விட்டுப்போனது. அதற்குப்பின் நான் வேகமாகப் பந்து வீசியதேயில்லை.

அந்த 'ஏதோ' என்ன என்பதைத் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் பிடித்தன. வேகப்பந்து வீச்சாளனின் முன்கால் தரையில் இறங்கும் கணத்தில் அவனுடைய எடையைப்போலப் பல மடங்கு விசை காலின் வழியே மேலேறுகிறது. அதே கணத்தில் உடல் பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. வலக்கைக்காரனுக்கு இந்தச் சுமை பெரும்பாலும் இடுப்பின் கீழ் முள்ளெலும்புகளின் இடப்பக்கத்தில், பின்வளையத்திலுள்ள ஒரு சிறு எலும்புப் பாலத்தில் போய்ச் சேர்கிறது. இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் வேறு திசையிலும் நிற்கும் 'கலப்பு' வீச்சுமுறை இந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்று பெர்த் நகரின் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களிலும் 90களிலும் எழுதினார்கள். என் கபில்தேவும் ஸ்ரீநாத்தும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எலும்பு கல்லல்ல. சுமை கூடும்போது அது தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொள்கிறது. ஆனால் இடிப்பது சில வாரங்களில் நடந்துவிடும்; கட்டி உறுதிப்பட மாதங்களாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். ஒரே மாதத்தில் பளுவைப் பல மடங்காக்கியவன் சரியாக அந்த இடைவெளியில்தான் போய் விழுகிறான். கீறல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அனேகமாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்புக்குள் நீர்கோத்தது போலத் தெரியும். அந்நாளில் எங்களிடம் அதற்குப் பணமுமில்லை, எடுக்கச் சொன்னவருமில்லை.

இதைப் பேசும்போது டென்னிஸ் லில்லியைப் பேசாமலிருக்க முடியாது. 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது அவருடைய முதுகெலும்பில் கீறல்கள் இருப்பது தெரியவந்தது. ஆறு வாரம் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. பிறகு பெர்த்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்கல்வி அறிஞரோடு சேர்ந்து நீண்ட பயிற்சி. 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து, 1984 தொடக்கத்தில் ஓய்வுபெறும்போது 355 விக்கெட்டுகளோடு உலக சாதனை அவர் பெயரில் இருந்தது. முதுகு முறிந்த இந்த மனிதர்தான் 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் இந்தியப் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுத்தார், 2012 வரை. அந்த வருடங்களில்தான் நான் இங்கே கடலைக்காட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்கும் எங்களூருக்கும் இருந்த தூரம் கிலோமீட்டரில் அளக்கக்கூடியதல்ல.

இவனுக்கு அந்தத் தூரமில்லை. 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கும் மைதானம் இதே சாலையில் நத்தத்தில் இருக்கிறது. 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வென்ற படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். வாய்ப்பு இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் இப்போது சிக்கலாகிவிட்டது.

"பன்னெண்டு நாள்தான மாமா. தேர்வு முடிஞ்சதும் ரெஸ்ட் எடுத்துக்கிறேன்" என்றான். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என் தோல்வியை இவன் தலையில் கட்டுகிறேனோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்திருக்கலாம். எனக்கே இருந்தது. பேட் கம்மின்ஸ் கதையைச் சொன்னேன். 2011இல் பதினெட்டு வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், ஏழு விக்கெட்டுகள். இரண்டாவது டெஸ்ட் 2017இல், நம் ராஞ்சியில். இடையில் ஐந்து வருடங்களுக்கு மேல். முதுகும் மற்ற காயங்களும் தின்றவை. பும்ரா 2023இல் நியூசிலாந்தில் முதுகு அறுவைசிகிச்சை செய்துகொண்டு, மறுவருடம் இருபது ஓவர் உலகக் கோப்பையின் தொடர்நாயகன் ஆனதையும் சொன்னேன். "அவங்களுக்கு டீம் காத்திருக்கும் மாமா. எனக்கு யாரு காத்திருப்பா?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மறுநாள் காலை மதுரைக்குப் பேருந்து ஏறினோம்.

படத்தில் கீறல் இன்னும் விழவில்லை. விழப்போகும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. நான்கு மாதங்கள் பந்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். பேருந்தில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். நான் பேசவில்லை.

திண்டுக்கல்லில் இயன்முறை மருத்துவரான ஓர் அம்மையார் அவனைக் குந்தி உட்காரச் சொன்னார். குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின. கணுக்காலும் இடுப்பு மூட்டும் மடங்காத உடம்பில் அவற்றின் வேலையையும் முதுகே செய்கிறது என்றார். வீட்டுக்கு வந்தால் அம்மா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருந்தன. களையெடுத்தே பழகிய கால்கள். பேரன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மாச்சி, எப்படி இப்படி உக்கார்ற?" என்றான். "உக்கார்றதுல என்னடா எப்படி?" என்றாள் அவள்.

மாசி முதல் நாள்தோறும் அதே பயிற்சிகள். படிக்கட்டில் ஒற்றைக்காலில் எம்பி நின்று மெல்ல இறங்குதல், பக்கவாட்டில் முழங்கையூன்றிக் கிடத்தல், ஒற்றைக்காலில் குந்துதல், வாரங்கள் சென்றபின் எடை தூக்குதல், கடைசியாகத் தாவிச் சத்தமில்லாமல் தரையிறங்குதல். வாராவாரம் கொஞ்சம்தான் கூட்டலாம். நம்மிடம் வீழ்ந்து எழுந்தவர்களின் கதைகள் நிறைய உண்டு. அவற்றில் இந்தச் சலிப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. லில்லியின் ஆறு வார மாவுக்கட்டு எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. அதற்குப்பின் வந்த மாதங்களை யாரும் சொல்வதில்லை.

தேர்வு நடந்த நாளன்று அவன் காலையிலேயே எழுந்து படிக்கட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்தானாம். அன்று யாரோடும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். இரவு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "போனது போனதுதான மாமா." கேள்வியா, ஆறுதலா என்று தெரியவில்லை.

இப்போது ஆனி. நான்கடி ஓட்டத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், டென்னிஸ் பந்தில் பன்னிரண்டு பந்துகள் வீசுகிறான். முழு வேகத்துக்கு இன்னும் காலமிருக்கிறது. அது திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சென்ற ஞாயிறு காட்டுக்கு உடன் போயிருந்தேன். வீசி முடித்ததும், முன்கால் பதிந்த இடத்தில் மண்ணைப் போட்டு மிதித்தான். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். குதிகால்கள் தரையில் இருந்தன.